முளைக்காத நெல்லுச் சட்டி

விதைநெல்லையும் அவித்துக் காயவைத்த நெல்லையும் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் தந்தாலும் பிரித்துச் சொல்லிவிடுவேன். அவித்த நெல்லின் உமி கொஞ்சம் வாய் திறந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அடுப்பு மணம் இன்னும் இருக்கும். விதைநெல் இறுகிக் கிடக்கும். பிடித்தால் விரலைக் குத்தும். மருதமுனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருபத்தைந்து வருடமாக நெல் அவித்து, காயவைத்து, மில்லில் குத்தி அரிசி விற்கிறவள் நான். இந்தக் கைத்திறமையைப் பற்றி நான் பெருமை பேசாத வீடு ஊரில் குறைவு. அதிகமாகப் பேசியது பாண்டிருப்பில் இருக்கும் என் கூட்டாளியிடம். அந்தப் பெருமைதான் போன வருட நவராத்திரியில் என் வாயைக் கட்டிப் போட்டது.

அவளும் நானும் கல்முனைப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் கும்பிடுகிறவள், நான் தொழுகிறவள். அதனால் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் யாருடைய சம்பல் நல்லது, யார் முதலில் தொலைபேசியில் கோல் எடுப்பது என்பதில்தான்.

சுனாமிக் கடல் வந்து போன பிறகு வந்த முதல் நவராத்திரிக்கு அவள் வீட்டில் ஒரு பிடி நெல்கூட இருக்கவில்லை. கும்பம் வைக்கிற நாளன்று காலையில் என் முற்றத்தில் வந்து நின்றாள். எங்கள் வயல் மேற்கே உள்ளுக்கு இருந்ததால் தப்பியிருந்தது. விதைக்கென்று வைத்திருந்த நெல்லில் இரண்டு கை நிறைய அள்ளி அவள் சேலைத் தலைப்பில் போட்டேன். ஒரு மணி பிசகாமல் எல்லாம் முளைத்ததாம். "உன்ட நெல் பொய்க்காது புள்ள" என்று வந்து சொன்னாள். அந்த வருடத்திலிருந்து அவள் வீட்டுக் கும்பத்துக்கு நெல் என்றால் என் நெல்தான். எங்கள் ஊரில் ஓரிரண்டு பேர் இதற்கு முகம் சுளித்தார்கள். நான் நெல் விற்கிறவள், வாங்கியவர் சோறாக்கினால் என்ன, முளைக்க வைத்தால் என்ன என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

மற்ற வீடுகளில் ஒன்பது தானியத்தையும் கலந்து கும்பத்தின் அடியில் மண் பரப்பித் தூவுவார்கள். அவள் வீட்டு வழக்கம் வேறு. கும்பத்தைச் சுற்றி ஒன்பது சின்ன மண்சட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு தானியம். குடம் அம்மனின் உடம்பு, அதில் சுற்றிய நூல் நரம்பு, மேலே வைத்த தேங்காய் தலை என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். முதல் மூன்று நாள் வீரத்துக்கு, நடு மூன்று நாள் செல்வத்துக்கு, கடைசி மூன்று நாள் கல்விக்கு. ஒன்பது தானியமும் ஒன்பது கிரகம். எள் சனிக்கு, கடலை வியாழனுக்கு, நெல் சந்திரனுக்கு. பத்தாம் நாள் விஜயதசமியன்று முளைகளை வெட்டி வீட்டாருக்கும் அயலாருக்கும் கொடுப்பார்கள். முளை செழித்தால் அந்த வருடம் வீடும் செழிக்கும்.

இதையெல்லாம் நான் சாமியறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையில் இருந்து கேட்பேன். உள்ளே போனதில்லை. அவள் தடுத்ததுமில்லை, அது எனக்கு நானே போட்ட எல்லை. படைத்ததை நான் சாப்பிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் அவித்த கடலையை எனக்கென்று எடுத்து மூடி வைப்பாள். எத்தனை பேர் வந்தாலும் அந்தக் கிண்ணத்தில் யாரும் கைவைக்க முடியாது. நான் கடலைக்காகப் போகவில்லை. அந்தக் கிண்ணத்துக்காகத்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது.

போன வருடம் ஆடி மாதம் அவள் வீட்டின் பின்பாதிக்கு ஒருத்தி வாடகைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், கல்முனையில் ஒரு வங்கியில் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். வந்த முதல் கிழமையிலேயே என் கூட்டாளியை "அக்கா" என்றாள். என்னைப் பார்த்து "அன்ரி" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே வாங்கு! என் தலையில் நரைகூட அவளைவிடக் குறைவு. முக்காட்டுக்குள் இருப்பதால் யாருக்குத் தெரியப் போகிறது.

அதன் பிறகு கூட்டாளியின் வாயில் வேறு கதையில்லை. "அவ தேவாரம் படிச்சா கேட்டுக்கொண்டே இருக்கலாம் புள்ள." "அவ வைச்ச மிளகாய்க் கண்டு எப்பிடிக் காய்க்குது தெரியுமா, நல்ல கைராசி." ஒருநாள் அந்த யாழ்ப்பாணப் பேச்சுத் தொற்றி, என்னையே "வாங்கோ, இருங்கோ" என்றாள். யாரைப் பார்த்து வாங்கோ என்கிறாய் என்று நான் சீறியதும் சிரித்தாள். இன்னொரு நாள் வங்கிக்காரி எங்கள் ஊர்த் தறிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அக்காதான் மருதமுனைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தவ என்றாள். என் ஊருக்கு வந்து, என் தெருவைத் தாண்டிப் போய், என் வீட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அன்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. "புருசனக் களவு குடுத்தவள் மாதிரி இரிக்காய்" என்று என் வீட்டுக்காரர் பகடி பண்ணினார். அவரைக் களவு கொடுத்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது என்று நானும் சொல்லிவிட்டேன்.

நவராத்திரி நெருங்கியது. வழக்கமாக ஒரு கிழமைக்கு முன்பே நெல் கேட்டு அழைப்பு வரும். வரவில்லை. நான் என்ன, பிச்சையா கேட்கிறேன், எடுத்துக்கொண்டு ஓட? பேசாமல் இருந்தேன். கும்பம் வைக்கிற அன்று காலையில் தொலைபேசி அடித்தது.

"புள்ள, ஒரு பிடி நெல் வேணும். அவ ஒன்பது தானியமும் பாக்கெட்டா வாங்கி வந்தவ. பிரிச்சுப் பாத்தா நெல்லுக்குப் பதிலா பச்சரிசி கிடக்கு. கெதியா கொண்டாறியா?"

"ஓ, பாக்கெட் பிழைச்சதாலதான் என்ட நினைப்பு வந்திரிக்கி."

"சும்மா இரு புள்ள. எனக்கு இஞ்ச தலைக்கு மேல வேலை. இந்த முறை அவதான் தானியம் போடப்போறா. நல்ல கையெல்லா?"

நல்ல கை! இருபது வருடம் நெல் அள்ளிக் கொடுத்த என் கை மட்டும் கெட்ட கையா? தொலைபேசியை வைத்துவிட்டு நெல் அறைக்குப் போனேன். இடது பக்கம் மாரிக்கு விதைக்க வைத்திருந்த நெல். வலது பக்கம் முந்தின நாள் அவித்துக் காயவைத்து, மில்லுக்குப் போக இருந்த நெல். சாக்கு மாறியது, அவசரத்தில் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். எழுத மாட்டேன். என் கை வலது பக்கச் சாக்குக்குள் போனது. போனதுமே இது அவித்த நெல் என்று கைக்குத் தெரிந்தது. எடுத்தேன். கடதாசியில் சுற்றி நூல் கட்டினேன். அவித்த நெல் உலகம் அழிந்தாலும் முளைக்காது. எட்டுச் சட்டி பச்சையாக நிற்க ஒரு சட்டி மொட்டையாக நிற்கும்போது, அந்தக் கைராசியை ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பாண்டிருப்புக்குப் போய் வாசலில் வைத்தே கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் பின்னேரம் போனேன். அடக்க முடியாத ஆசை, பார்க்க வேண்டும். என் கதிரை போட்டிருந்தது. கடலைக் கிண்ணம் இல்லை. வங்கிக்காரிதான் வந்து விளக்கம் சொன்னாள். "அன்ரி, படைக்க முதல் எடுக்கக் கூடாதெண்டு நான்தான் அக்காவுக்குச் சொன்னனான். குறை நினைக்காதேங்கோ." நான் குறை நினைக்கவில்லை. அதைவிடப் பெரிதாக என்னென்னவோ நினைத்தேன். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பயறு தலை தூக்கி நின்றது. உழுந்தும் கொள்ளும் மண்ணைப் பிளந்துவிட்டன. எள்ளுக்குக்கூட ஊசி முனையளவு பச்சை. என் சட்டியில் மண் மட்டும். உள்ளே எனக்கு ஒரு குளிர்ச்சி இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன், இறங்கியது.

கூட்டாளி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய முகம் சரியில்லை.

"நெல் வரல்ல, பாத்தியா?"

"அவட கைக்கு வரல்லையாக்கும்" என்றேன்.

"அவ எட்டுச் சட்டிதான் போட்டவ. நெல் நான் போட்டன். என்ட மகளுக்கு நேந்து போட்டன்."

அவளுடைய ஒரே மகள் மட்டக்களப்பில் கட்டிக் கொடுத்தவள். முதல் பிள்ளைக்கு மாதம் நிறைந்து இருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு அவள் சொன்னது.

"நெல் சந்திரனுக்கெல்லா. சந்திரன்தான் தாய். தாயாகப் போறவளுக்கு நெல்லைப் போட்டா நெல் வரல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு புள்ள."

"நெல்லு பிழையா இரிக்கும்" என்றேன்.

"உன்ட நெல்லா? கடல் வந்த வருசத்திலயே முளைச்ச நெல். கண்ணைக் கட்டினாலும் உன்ட கைக்குத் தெரியும். உன்ட நெல் பொய்க்காது. என்ட கைதான் பிழை."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பொய்யாவது சொல்லியிருக்க வேண்டும், சாக்கு மாறிவிட்டது என்று. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன் என்று இருபது வருடம் அவள் காதில் ஓதியவள் நானல்லவா? மாறிவிட்டது என்றால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு ஏன் செய்தாய் என்று கேட்பாள். கும்பம் வைத்த பிறகு ஒன்பது நாளும் சட்டியைக் கிளறக் கூடாது, திரும்ப விதைக்கவும் கூடாது என்பது அவள் வழக்கம். கிளறாமல் அவளுடைய பயத்தை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் விதைநெல்லில் ஒரு சுண்டு அளந்து தண்ணீரில் ஊறப் போட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை.

மறுநாள் ஊறிய நெல்லை வடித்துச் சாக்குத் துண்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டாளி பேசினாள். மகளுக்குப் பிறஷர் ஏறிவிட்டதாம், மறித்து வைத்துவிட்டார்களாம். அவளும் கூடவே நிற்கிறாளாம். கும்பத்துக்கு விளக்கேற்றவும் தண்ணி தெளிக்கவும் வங்கிக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். "நெல் வந்திட்டா எண்டு அவட்டக் கேட்டன். வரல்லையாம் புள்ள" என்று அழுதாள். "ஒரு கெடுதியும் வராது, நான் துஆ கேக்கிறன்" என்றேன். கேட்டேன். தொழுகைப் பாயில் இருந்து அவள் மகளுக்காகக் கேட்க ஆரம்பித்தால், நடுவில் அவித்த நெல் வந்து நின்றது. எந்த முகத்தோடு மேலே கேட்பது?

ஏழாம் நாள் சனிக்கிழமை, வங்கி இல்லை. சாக்குத் துண்டை அவிழ்த்தேன். ஒவ்வொரு நெல்லும் வெள்ளை மூக்கு விட்டிருந்தது. வயலுக்கு விதைக்கிற பதம். அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். வீட்டில் வங்கிக்காரி மட்டும், பின்பக்கம் இருந்தாள். சாமியறை திறந்துதான் கிடந்தது. மூன்று எட்டு வைத்தால் சட்டி. யாரும் பார்க்கப் போவதுமில்லை. ஆனால் இருபது வருடம் தாண்டாத படியை இந்தக் களவுக்காகத் தாண்ட என் கால் வரவில்லை. உள்ளே போகக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். எனக்குக் கண்ணில் காட்டக் கூடாத ஒருத்தி.

"தங்கச்சி, கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். அவளைத் தங்கச்சி என்றது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொன்னேன். நெல் அவித்த நெல், தெரிந்தேதான் கொடுத்தேன், நீங்கள் போடுவீர்கள் என்று நினைத்தேன், உங்கள் கைக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று கொடுத்தேன். சொல்லி முடிக்கும்வரை அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னில கோபமெண்டு தெரியும். நீங்கள் வாசல்ல செருப்பைக் கழட்டி எறியிற சத்தத்திலயே எனக்கு விளங்கும். ஆனா இது ஏன் அன்ரி?"

"நீங்க வந்த மறுகா அவள் என்னைத் தேடல்ல" என்றேன். ஐம்பது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வந்த பேச்சா அது! சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். "கும்பம் வைச்சாப் பிறகு சட்டியைக் கிளறக் கூடாது" என்றாள். கடலையையே விட்டுக் கொடுக்காதவள், இதற்கா இணங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கும்பத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு, "அக்கா அங்க சாப்பிடாமல் இருக்கிறா. அம்மன் என்னோட கோவிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் படிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக் கொடுத்தேன். மேல்மண்ணை எடுங்கள், பழைய நெல்லை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், மூக்கு கீழே இருக்க வேண்டாம், சும்மா பரப்பி மெல்லிசாக மண் தூவுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்த விதத்தைப் பார்க்க எனக்குக் கை துடித்தது. இந்தக் கைக்கா கைராசி என்று அந்த நிலைமையிலும் ஒரு நினைப்பு ஓடியதை மறைக்க மாட்டேன். பொறுக்கிய அவித்த நெல்லை அவள் ஒரு இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள். முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தொலைபேசியில் சொல்லும்போது கூட்டாளி சிரித்தாளா அழுதாளா என்று விளங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். அவள் நேரே சாமியறை வாசலுக்கு வந்து, படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பேத்தி பிறந்ததால் அவளுக்குத் துடக்கு. உள்ளே போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அவளும் நானும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். உள்ளே வங்கிக்காரி, எங்கள் ஊர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, கும்பத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

நெல்லுச் சட்டி பச்சையாக இருந்தது. மற்ற சட்டிகளைப்போல உயரமில்லை. இரண்டு விரற்கடை இருக்கும். ஆனால் நெருக்கமாக, ஒரு மணி பிசகாமல் நின்றது. கூட்டாளி என் மேற்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வந்திட்டு புள்ள! நெல் வந்திட்டு! பிந்தினாலும் வந்திட்டு!"

என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வங்கிக்காரி முளைகளை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு படியருகே வந்தாள். கூட்டாளி அவளைத் தொட முடியாமல், இரண்டு கையையும் அவள் பக்கம் தூக்கிக் கும்பிட்டாள்.

"நான் போட்டு வராத நெல். நீ தண்ணி தெளிச்சு வந்திட்டு. இந்தக் கையை நான் மறக்க மாட்டன் தங்கச்சி. என்ட பேத்திக்கு ஏடு தொடக்கிறதும் நீதான்."

பேத்தி வளர்ந்து முதல் எழுத்தை எழுதும் நாளையும் அவளுக்கே கொடுத்தாயிற்று. வங்கிக்காரி என்னைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் என்னை முடித்திருக்கலாம். "என்ர கையில என்னக்கா இருக்கு. நெல்லு நல்ல நெல்லு" என்றாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளை வெறுக்க எனக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும்.

"நெல் எப்பவும் அதே நெல்தானே" என்றாள் கூட்டாளி, என் பக்கம் திரும்பி. "இவள் தாற நெல் ஒருநாளும் பொய்க்காது. வித்தியாசம் கைதான். இல்லையா புள்ள?"

"ஓம் புள்ள. கைதான்" என்றேன். என் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன்.